ரிட்டர்ன் சார்

ஐந்து மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருக்கும்போது படிவம் திரும்பி வந்தது.

‘கோப்பு எண் முழுமையாக இல்லை.’

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பழைய படகு விளையாட்டைச் சரியாக ஐந்து மணிக்குக் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டும். கடை என்றால் கதவும் கல்லாவும் உள்ள கடை அல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் கடை. விளையாட்டில் வரும் இசைக்கு வாங்கியிருந்த உரிமை இன்று ஐந்து மணியோடு முடிகிறது. நீக்குகிற பொத்தான் அவளிடம். ஆனால் மேலதிகாரி படிவத்துக்கு ஒப்புதல் தந்தால்தான் அந்தப் பொத்தானுக்கு உயிர் வரும்.

மேலதிகாரிக்கு ஆபீசில் ‘ரிட்டர்ன் சார்’ என்று பெயர். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

“வந்துடுச்சா?” பக்கத்து மேஜைத் தோழி எட்டிப் பார்த்தாள்.

“வந்துடுச்சு. எண்ணுக்கு முன்னாடி ஒரு சைபர் விட்டுப்போச்சாம்.”

“நான் குடுத்த கல்யாணப் பத்திரிகையையே திருத்தித் திருப்பிக் குடுத்த மனுஷனாச்சே!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை நிரந்தரமா இல்லையா என்று திங்கட்கிழமைதான் முடிவாகும். போன மாதம் வேறு பிரிவில் நாற்பது நிமிடத் தாமதத்துக்கு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சைபரைச் சேர்த்து மறுபடி அனுப்பினாள். போன் அடித்தது.

“அம்மா, அந்தப் படகு விளையாட்டு... நான் வாங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு. ரிட்டயர் ஆனதும் நிதானமா விளையாடலாம்னு வச்சிருந்தேன். போன வாரம்தான் ரிட்டயர் ஆனேன்.”

“ஐயா, இன்னிக்கு அஞ்சு மணியோட எடுக்கறோம்னு மெயில் போட்டிருந்தோமே.”

“மத்தியானம்தாம்மா பார்த்தேன். உடனே கம்ப்யூட்டர்ல இறக்க ஆரம்பிச்சுட்டேன். எங்க நெட்டு ஆமை. இப்பதான் அறுபது சதவீதம். நடுவுல நீங்க எடுத்துட்டா?”

“அறுந்துடும். மறுபடி வராது.”

“காசு குடுத்து வாங்கினதும்மா...”

“வாங்கினவங்களுக்கும் அப்படித்தான் ஐயா. இறக்கி முடிச்சவங்ககிட்ட மட்டும் தங்கும். என் கையில ஒண்ணும் இல்ல.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தண்ணீர் டம்ளரும் கையுமாக ரிட்டர்ன் சார் நின்றிருந்தார்.

“யார்கிட்ட பேச்சு?”

“கஸ்டமர் சார். இறக்கி முடியற வரைக்கும் பொறுக்கச் சொல்றார்.”

“விதின்னா விதி. யாருக்காகவும் நிறுத்தக் கூடாது. நீங்க படிவத்தைப் பாருங்க. இணைப்பெல்லாம் வரிசை மாறியிருக்கு.”

“சார், மணி அஞ்சே கால்...”

“வரிசை மாறியிருக்கு.”

போய்விட்டார்.

வரிசையைச் சரிசெய்து அனுப்பினாள். ஐந்து நாற்பதுக்குப் படிவம் மூன்றாவது தடவை திரும்பி வந்தது. ‘தேதி இருக்கிறது. நேரம் இல்லை.’

இசை உரிமைக்காரர்களிடமிருந்து ஒரு மெயில்: ‘இன்னுமா நீக்கவில்லை?’ குழந்தையை விட்டிருக்கும் காப்பகத்திலிருந்து ஒரு போன்: ஆறரைக்குப் பூட்டிவிடுவார்களாம்.

“வேணும்னே பண்றார்டி,” என்று தோழி பையை மாட்டிக்கொண்டாள். “திங்கட்கிழமை கழுத்தை அறுக்க இப்பவே கத்தி தீட்டறார்.”

அவள் எழுந்து நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், எல்லாத் தப்பையும் ஒரே தடவையில சொல்லிடக் கூடாதா?”

“ஒண்ணொண்ணாத்தான் கண்ணுல படுது,” என்றார், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

அவசரமாக நேரத்தைத் தட்டிவிட்டு அனுப்பினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஆறு பன்னிரண்டுக்கு ஒப்புதல் வந்தது.

அப்பாடா என்று படிவத்தைத் திறந்து பார்த்தாள். பதற்றத்தில் திருத்தியதைச் சேமிக்காமல், பழைய படிவத்தையே அனுப்பியிருக்கிறாள். நேரம் எழுத வேண்டிய கட்டம் வெறுமனே கிடந்தது. அதற்கா ஒப்புதல்? அந்த மனுஷனா?

கேட்டுவிடலாம் என்று பார்த்தாள். அறை விளக்கு அணைந்திருந்தது. ஆள் கிளம்பியாகிவிட்டது.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒப்புதல் பக்கத்தைத் திறந்தாள். ஒப்புதல் கிடைக்கும்வரை அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் பக்கம். படிவம் திரும்பிய ஒவ்வொரு தடவைக்கும், கடைசியில் ஒப்புதலுக்கும் எதிரே, அந்த நிமிடம் எத்தனை பேர் விளையாட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள் என்று கணினி குறித்து வைத்திருந்தது.

4.56 – அறுபத்து மூன்று பேர்.

5.15 – இருபத்தொன்பது பேர்.

5.40 – நான்கு பேர்.

6.12 – ஒருவரும் இல்லை.

அவள் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தாள். எங்கோ ஒரு வீட்டில், போன வாரம் ரிட்டயர் ஆன ஒருவர் இந்நேரம் துடுப்பைக் கையில் எடுத்திருப்பார்.

பொத்தானை அழுத்தினாள். கடையிலிருந்து படகு மறைந்தது. உடனே தாமதப் பதிவேடு தானாகத் திறந்துகொண்டது. யாரால் தாமதம், என்ன காரணம் என்று எழுதாமல் அதை மூட முடியாது. பழி இதோ வந்துவிட்டது என்று தன் பெயரைத் தட்டப் போனாள்.

முன்பே நிரப்பியிருந்தது. இந்த வருடத்தில் அது ஏழாவது தாமதம். ஏழுக்கு எதிரேயும் ரிட்டர்ன் சாரின் பெயர். ஏழுக்கும் அவரே எழுதியிருந்த காரணம் ஒன்றேதான்:

‘சோம்பல்.’