காறை எலும்பும் முகூர்த்தத் தேதியும்

டாக்டர் மூன்றாவது முறையாகச் சொல்லி முடித்தார்.

யார் காதிலும் ஏறவில்லை.

உடைந்தது அவனுடைய வலது தோளையும் கழுத்தடியையும் சேர்க்கும் காறை எலும்பு. பைக் சறுக்கி விழுந்து இரண்டு நாள் ஆகிறது. எலும்பு முறிந்திருந்தாலும் முனைகள் அதிகம் விலகவில்லை.

"கையக் கழுத்துத் தூளியில மாட்டிக்கிட்டா ஆறு வாரத்துல தானாக் கூடிரும். ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சாலும் கூடும். ஆனா தழும்பு இருக்கு, சீழ் பிடிக்கிற பயம் இருக்கு, பின்னால பிளேட்டக் கழட்ட இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். என் தம்பியா இருந்தா தூளிதான். அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

அவனுடைய கல்யாணத்துக்கு இருபத்துநான்கு நாள் இருந்தது. கட்டிலைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் அவனுடைய எலும்பைப் பற்றி அவனைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

"மணவறையில தூளி கட்டிக்கிட்டா உக்காருவ?" அம்மாதான் ஆரம்பித்தாள். "பாக்கிறவன் என்ன நெனைப்பான்?"

என்ன நினைப்பான்? கை உடைந்திருக்கிறது என்று நினைப்பான். வேறு என்னத்தை நினைப்பது?

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் பேச்சு தாலிக்குப் போய்விட்டது.

முதல் முடிச்சு மாப்பிள்ளைதான் போட வேண்டும். மற்ற இரண்டையும் நாத்தனார் போடலாம். அக்கா முத்துச்செல்வி தயார். ஆனால் அந்த முதல் முடிச்சு?

"இடுப்பு உயரத்துல வேலை செய்யலாம். தோளுக்கு மேல மட்டும் கையத் தூக்கக் கூடாது," என்றார் டாக்டர். பாவம், இன்னும் பொறுமையாகத்தான் இருந்தார்.

உடனே பெண்ணின் உயரம் விவாதத்துக்கு வந்தது. நாகஜோதி கொஞ்சம் வளர்த்தி. அவளைத் தாழ்ந்த பலகையில் உட்கார வைத்தால்? மாமா சௌந்தரபாண்டி தரையில் உட்கார்ந்தே காட்டினார். சித்தப்பா அவர் கழுத்து உயரத்தை ஜாண் போட்டு அளந்தார்.

ஆஸ்பத்திரி வார்டில்.

எதிர்க் கட்டில்காரர் காலில் கட்டோடு எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"பொண்ணப் பள்ளத்துல உக்கார வச்சா அவங்க வீட்டுல சும்மா விடுவாங்களா?" என்றாள் பெரியம்மா. அதோடு பலகை யோசனை செத்தது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவனும் எழுந்து அவர் பின்னாலேயே போயிருப்பான். முடியவில்லை.

நாகஜோதி இரண்டு நாளில் பதினோரு முறை கூப்பிட்டிருந்தாள். எடுக்கக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு. டவர் இல்லாத ஊருக்கு வேலையாகப் போயிருக்கிறான் என்று அவள் வீட்டில் சொல்லியாகிவிட்டது.

"மாப்பிள்ளைக்குக் கை விளங்கலன்னு ஒருத்தன் கிளப்பிவிட்டாப் போதும். கல்யாணம் முடியட்டும். பையச் சொல்லிக்கிடலாம்," என்றிருந்தார் மாமா.

"நிச்சயம் முடிஞ்சு பத்தாம் நாள் விழுந்திருக்கான். அந்தப் பொண்ணு ராசியையும் பாக்கணும்," என்றாள் பெரியம்மா, ஆரஞ்சை உரித்துக்கொண்டே.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை ஓட்டியது யார்? மாமா. வெற்றிலை எச்சிலைத் துப்பத் திரும்பி, மணலில் விட்டது யார்? அதே மாமா. பின்னால் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு இவன் தோள் போனது. எங்கோ தன் வீட்டில் இருந்தவளுடைய ராசியாம்!

"பெரியம்மா, வண்டிய ஓட்டுனது..."

"நீ அசையாத. எலும்பு விலகிரும்," என்றார் மாமா.

எல்லோரும் வராந்தாவுக்குப் போனார்கள். அவனுடைய தோள்பட்டைக்கு ஏழு பேர் ஓட்டுப் போட்டார்கள். அவனுக்கு ஓட்டில்லை.

அரை மணி நேரத்தில் மாமா சிரித்த முகமாக வந்தார், மற்றவர்கள் பின்னாலேயே.

"முடிவாயிருச்சு மாப்ள. பிளேட்டு. நாளைக்குக் காலையிலயே. அஷ்டமிக்கு முன்னாடி முடிச்சிரலாம். சட்டைக்குள்ள ஒண்ணும் தெரியாது. வீடியோக்காரனும் கெட்டிக்காரன்."

நர்ஸ் படிவத்தோடு வந்தாள். மாமா கை நீட்டினார்.

"பேஷண்ட்தான் கையெழுத்துப் போடணும் சார்."

அப்போதுதான் ஏழு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா பேனாவை நீட்டினாள்.

அவன் பேனாவை வாங்கவில்லை. இடது கையால் தலையணைக்கடியில் துழாவி போனை எடுத்தான். கட்டைவிரல் பழக்கமில்லாமல் தடுமாறியது.

"யாருக்குடா?" என்றார் மாமா. அதற்குள் மணி போய்விட்டது.

நாகஜோதி முதல் மணியிலேயே எடுத்தாள்.

அவன் சொல்லிவிட்டான். விழுந்தது, உடைந்தது, பொய் சொன்னது, பிளேட், நாளைக்குக் காலை. மூச்சு விடாமல் சொன்னான். மாமா தலையில் அடித்துக்கொண்டார். பெரியம்மா "போச்சு" என்றாள்.

இனி நாகஜோதி என்ன சொல்வாள்?

திட்டப் போகிறாள். அப்பாவிடம் போனைக் கொடுக்கப் போகிறாள். கல்யாணமே வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள்.



"ஆமா," என்றான். "ரெண்டு நாளாத் தூங்கல. ரொம்ப வலிக்குது."

பேனாவை நீட்டிக்கொண்டிருந்த அம்மா மெல்லக் கையை மடக்கிக்கொண்டாள்.