மகாராணியின் சோம்பல்

மணி பத்தாகியும் மகாராணி ஒரு சட்டைக்குக்கூடப் பட்டன் தைத்தபாடில்லை.

"விரல் மடங்கவே மாட்டேங்குதும்மா. ஊசியைப் பிடிக்க முடியல. கொஞ்ச நேரம் வெந்நீர்ல வச்சுட்டு வந்துடறேன்" என்றாள் மகள்.

"ஊசிக்கே இந்தக் கதைன்னா, உன் கையில கத்தரிக்கோலைக் கொடுத்தா ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடணும்" என்றாள் அம்மா, மெஷினை நிறுத்தாமல்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. வெட்டுவதும் தைப்பதும் அம்மா. பட்டன், கொக்கி, ஓரம் மடிப்பது எல்லாம் மகள். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை, அதற்கே அவள் பாதியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அதனால் அம்மா சூட்டிய பட்டம்தான் மகாராணி. வாடிக்கைக்காரர்கள்கூட, "மகாராணி எழுந்தாச்சா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னால், வெயில் இறங்கட்டும் என்பாள். அம்மா கணக்கில் அது கறுத்துவிடுவோம் என்ற பயம். வற்புறுத்தி அனுப்பினால் கன்னம் இரண்டும் மூக்கும் சிவக்கத் திரும்பி வருவாள். அம்மா கணக்கில் அது மூக்குக்கு மேல் கோபம்.

"வெயில்ல போனாலே இப்படி ஆகுதும்மா."

"ஆகும் ஆகும். வேலை செஞ்சா எல்லாருக்கும்தான் ஆகும்."

அவளுடைய தம்பி நேர் எதிர். செல்போன் கடையில் நாள் முழுக்க நின்றாலும் களைப்பு என்று சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு காலையில், "கை வலிக்குதும்மா, பைக்ல கிளட்சைப் பிடிக்க முடியல" என்று திரும்பி வந்தான்.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில்கூட நிற்காத மெஷின் நின்றது. அம்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வீங்கித்தான் இருந்தன.

"எனக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது" என்றாள் மகள். "தள்ளிப் போடாதே. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"அவனுக்கு ஒண்ணு வந்துடக் கூடாதே! உடனே உனக்கும் வந்தாகணும். போய்க் கடையைப் பாரு."

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் மூட்டு நோய் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பெண்கள்.

"இது பொம்பளைங்க டாக்டர் இல்லையே?" என்று மகன் காதைக் கடித்தாள் அம்மா. அவன் நெளிந்தான்.

டாக்டர் அம்மாள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு லூபஸ்னு பேரு. உடம்பைக் காப்பாத்த வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குற வியாதி. மாத்திரையைத் தவறாம சாப்பிட்டா கட்டுக்குள்ள வச்சுக்கலாம்" என்றார்.

அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது.

"நல்ல வேளை, சீக்கிரம் வந்தீங்க. பையன்களுக்கு இது அபூர்வம். அதனால யாருக்கும் சந்தேகமே வராது. நிறையப் பேர் சிறுநீரகம் கெட்ட பிறகுதான் வர்றாங்க. யார் கவனிச்சது?"

"அக்காதான்..." என்று ஆரம்பித்தான் மகன்.

"பெத்தவ கண்ணுக்குத் தப்புமா டாக்டர்?" என்று முந்திக்கொண்டாள் அம்மா.

"பத்துப் பேருக்கு வந்தா அதுல ஒன்பது பேர் பெண்களாத்தான் இருப்பாங்க."

"அப்போ எங்க வீட்டுல மட்டும் ஆள் மாறி வந்துடுச்சா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "கூடப் பிறந்தவங்களுக்கும் வர வாய்ப்பு இருக்கு. அக்கா இருக்காங்களா? எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன டாக்டர், கல்லு மாதிரி இருக்கா."

"எப்பவும் அசதியா இருக்காங்களா, அடிக்கடி படுத்துக்கறாங்களா?"

"அது சோம்பல். சின்ன வயசுல இல்ல, இப்ப நாலு வருஷமாத்தான்."

"காலைல விரல் மடங்காம இருக்குமா?"

"அப்படித்தான் சொல்லுவா. வேலைக்கு டிமிக்கி கொடுக்க ஒரு சாக்கு வேணுமே."

"வெயில் ஒத்துக்காதா?"

"ஒத்துக்காம என்ன? கறுத்துடுவோம்னு பயம்."

"வெயில்ல போயிட்டு வந்தா கன்னமும் மூக்கும் சேர்ந்து சிவக்குமா?"

"அது கோ..."

அம்மா நிறுத்தினாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வயதிலும் வலியென்று ஒரு நாள் முனகாத கைகள்.

"நீங்க கேட்ட எல்லாமே அவளுக்கு இருக்கு டாக்டர்" என்றாள் கடைசியில். "நாங்கதான் ஒவ்வொண்ணுக்கும் வேற பேர் வச்சிருந்தோம்."

"உடனே அவங்களை வரச் சொல்லுங்க. சாயங்காலம் வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்."

வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தாள் அம்மா. ஒரே மணியில் மகள் எடுத்தாள்.

"தம்பிக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை.

அந்த மௌனத்துக்கு மகளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

"திட்டாதேம்மா. இன்னும் ரெண்டு சட்டைதான் பாக்கி, நீ வர்றதுக்குள்ள பட்டன் வச்சு முடிச்சுடறேன்."