கழித்துப் போட்ட டேப்

"இது கோந்து மிச்சம் வைக்குது. தூக்கி ஓரமாப் போடு" என்றார் பிசின்.

மேடை அமைக்கிற அந்தக் கம்பெனியின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவள் குனிந்து பார்த்தாள். டேப்பை உரித்த இடத்தில் அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழுந்து வந்தது.

"இன்னைக்குத் தெரியாது. நாளைக்குத் தூசி ஏறும், அப்புறம் செருப்பு அழுக்கு ஏறும். அதுக்கப்புறம் சுரண்டினாலும் போகாது. மண்டபத்துக்காரன் நம்மளைத்தான் கிழிப்பான்."

மேடையில் ஒயர்களைத் தரையோடு சேர்த்து ஒட்டுகிற கறுப்புத் துணி டேப் அது. ஒவ்வொரு வருஷமும் நிகழ்ச்சி சீசன் தொடங்கும் முன்னால், எந்தக் கம்பெனி டேப்பை வாங்குவது என்று அவர்தான் முடிவு செய்வார். பிசின் என்று பெயர் வந்ததும் அதனால்தான். சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்திருக்கும்.

நீண்ட லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தார். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். காலையில் அவர் உள்ளே நுழைந்ததும், அண்ணி எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்டாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்கு மேல் துருவவில்லை. துருவினால் எரிந்து விழுகிற ஆள்.

அவர் போனில் சொல்லியிருந்தபடி, வந்திருந்த சாம்பிள்களை முந்தின நாளே தரையில் ஒட்டி, சூடு ஏறட்டும் என்று மேலே மேடை விளக்கை எரியவிட்டு வைத்திருந்தாள். ஒன்றைக் கையால் கிழித்தபோது நேராகக் கிழியாமல் நூல் நூலாகப் பிரிந்தது. இதற்குச் சாக்குப்பையே தேவலாம் என்று தள்ளிவிட்டார். இரண்டாவதுதான் கோந்து வைத்தது. மூன்றாவது உடும்பு மாதிரி பிடித்தது; உரித்தால் தரை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார், பளபளக்கவில்லை.

"இதான் டேப்பு. நாம வந்துட்டுப் போனதுக்கு ஒரு அடையாளம் இருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார்.

"அதுக்குத்தான் நமக்குச் சம்பளம்" என்று அவள் முடித்து வைத்தாள். எத்தனை வருஷமாகக் கேட்கிறாள்.

வழக்கமாக அதோடு எழுந்துவிடுவார். அன்றைக்கு எழவில்லை. ஒரு ஒயரை எடுத்துத் தரையில் நீட்டினார். பாதி நீளத்துக்கு நல்ல டேப், மீதிக்குக் கழித்துப் போட்ட கோந்து டேப் என்று ஒட்டினார். ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தேய்த்துத் தேய்த்து அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

பாரம் ஏற்றிய ட்ராலியை உருட்டிப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னண்ணே, ட்ராலிக்கு இன்னைக்கு லீவா?"

"கால் தூக்கி வைக்க முடியாத ஆள் நடக்கணும். இடறக் கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தாச்சு."

புது நாடகத்தில் கிழவி வேஷம் ஏதோ இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள். ஒத்திகையிலேயே விழுந்துவிட்டாளா, எந்த நடிகை என்று கேட்டாள். அவர் மண்டி போட்டு, டேப்பின் விளிம்பை நகத்தால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுமே எழும்பவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது ஓரத்தில் கிடந்த கோந்து டேப் உருளையை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"அண்ணே, அது கழிச்சது."

"தெரியும்."

"வீட்டுக்கா?"

"ம். மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்கு. ப்ளக் இருக்கிறது பாத்ரூம் பக்கத்துல. கட்டில்ல இருந்து அவ நடந்து போற வழி பூரா ஒயர்தான். அதுல தட்டித்தான் விழுந்தா."

அவளுக்கு மதியம் சிரித்த சிரிப்பு நெஞ்சில் குத்தியது. அவசரமாக நல்ல டேப்பை எடுத்து நீட்டினாள். தேறாத சரக்கைத் தவிர வேறெதையும் அவர் இங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அந்த நேர்மையில்தான் இதை எடுக்கிறார் என்று பட்டது.

"இதையே கொண்டு போங்கண்ணே. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் பிடிக்குது. அதை ஒட்டிட்டு உரிச்சா வீட்டுத் தரை நாசமாயிடும். நீங்கதானே சொன்னீங்க, சுரண்டினாலும் போகாதுன்னு?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க" என்றார். "மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டு நான் இதை உரிக்கிறப்ப, அவ நடந்த வழியாவது தரையில இருக்கட்டும்."