மீனைத் தின்றது யார்?

"எங்கம்மாவ நான் பொன்னேரிக்குக் கூட்டினு போறேன். இங்க வுட்டா எலும்புதான் மிஞ்சும்!"

பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்திலேயே சாந்தி ஆரம்பித்துவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவள் அம்மா காசியம்மாள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லி என்றால் அப்படி ஓர் ஒல்லி. கடல்காற்று வேகமாக அடித்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். பக்கத்தில் சாந்தியின் அண்ணி வளர்மதி. அவள் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும்.

இந்த இரண்டு உடம்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டு லைட்ஹவுஸ் குப்பம் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. வலையில் விழுகிற இறாலும் நண்டும் நல்ல மீனும் ஏலத்துக்குப் போய்விடும். படகில் போனவர்களுக்குக் குழம்பு மீன் என்று ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கும். சாந்தியின் அண்ணன் ரங்கன் வீட்டுக்குக் கொண்டுவருகிற அந்தக் கொஞ்சத்தையும் அவன் பெண்டாட்டியே முழுங்கிவிடுகிறாள், பெற்றவள் காய்ந்து கிடக்கிறாள் என்பது ஊர்ப் பேச்சு.

போன வாரம் குழாயடியில் வளர்மதி தலைசுற்றி விழுந்தாள். அதற்கும், "உண்ட மயக்கம்" என்று சிரித்தார்கள். இரக்கம் இல்லாத ஊரில் சிரிப்புக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

"அப்டிலாம் இல்லடி சாந்தி, அவ நல்லாதான்..." என்று காசியம்மாள் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா. பயந்துனு பேசுற."

"சாந்தி, டீ போடறேன். குடிச்சிட்டுப் பேசலாமே?" என்றாள் வளர்மதி.

"வேணாம் அண்ணி. அதையும் நீங்களே குடிச்சிடுங்க."

அன்றைக்குப் பார்த்து மீனவர் சங்கக் கட்டடத்தில் இலவச மருத்துவ முகாம். வெறுங்காலோடு ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்தால், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று புட்டுப்புட்டு வைக்கிற மெஷின் வந்திருந்தது. சாந்திக்கு வேறென்ன வேண்டும்?

"ரெண்டு பேரும் வாங்க. அந்த மெஷினே சொல்லட்டும்."

இழுத்துக்கொண்டு போனாள். ஊரில் பாதி பின்னாலேயே வந்தது. சும்மா கிடைக்கிற வேடிக்கையை யார் விடுவார்கள்?

முகாமில் சாப்பாட்டு யோசனை சொல்ல வந்திருந்த பெண் கிறிஸ்டினா. அவளிடம் சாந்தி நேரடியாகக் கேட்டாள். "மேடம், இது எங்கம்மா, இவங்க எங்க அண்ணி. ஒரே வூடு, ஒரே சட்டி. யாரு பட்டினி கெடக்கிறாங்கன்னு உங்க மெஷின் சொல்லுமா?"

"ஏறச் சொல்லுங்க, பாக்கலாம்."

"கரன்ட் அடிக்காதே?" என்று கேட்டுவிட்டுக் காசியம்மாள் ஏறி இறங்கினாள்.

அடுத்து வளர்மதி.

"மேடம், மெஷின் பத்திரம்!" என்று யாரோ கத்த, கட்டடமே சிரித்தது. வளர்மதியும் சிரித்தாள். கூடவே சிரித்துவிட்டால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று பழகி வைத்திருந்தாள், பாவம்.

கிறிஸ்டினா நெற்றியைச் சுருக்கினாள். வளர்மதியை இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தாள்.

"சத்தமா சொல்லுங்க மேடம், எல்லாரும் கேக்கட்டும்" என்றாள் சாந்தி.

"உங்க அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. ஆள் ஒல்லி, ஆனா வயசுக்குத் தசை கெட்டியா இருக்கு. மீனு ஒழுங்கா உள்ள போகுதுன்னு தெரியுது. உங்க அண்ணி உடம்புலதான் தசை ரொம்பக் குறைச்சல். ஏறியிருக்கிறது பூரா கொழுப்பு."

"கொழுப்புதான் மேடம்! துன்னு துன்னு ஏறின கொழுப்பு!"

"வயிறு ரொம்புது, சத்து கிடைக்கல. மீன், முட்டை, பருப்புன்னு எதுவும் இல்லாம வெறும் சோத்தையே தின்னா இப்படித்தான் ஆகும். வெளிய ஊதும், உள்ள தெம்பு இருக்காது. பட்டினின்னு கேட்டீங்கல்ல? இவங்கதான் பட்டினி."

சிரித்தவர்கள் கழுத்தை நீட்டி மெஷினை எட்டிப் பார்த்தார்கள்.

"நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று வளர்மதியைக் கேட்டாள் கிறிஸ்டினா.

"மீன் கொழம்பு மேடம்."

"பாத்தீங்களா!" சாந்தி குதித்தாள். "நான் சொல்லல?"

"மீன் எத்தனை துண்டு?"

வளர்மதி முந்தானையைத் திருகினாள். "கொழம்பு ஊத்திக்கினேன் மேடம். பசிக்குச் சோறுதான் நெறைய போட்டுக்கினேன்."

"அதான், மீனு?"

காசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மருமகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னாடி இது? எனக்கு முள்ளெடுத்துப் போட்ட. ரங்கனுக்குப் போட்ட. மிச்ச மீன தனியா எடுத்து மூடி வெச்சியே, அது உனக்குன்னுல்ல நான் நெனச்சினு இருந்தேன்? தெனமும் அப்டித்தானே வெக்கிற?"

வளர்மதி நாத்தனாரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"அது காலையில பஸ்ல, அவங்கண்ணன் குடுத்ததா சொல்லி சாந்தி வூட்டுக்கு அனுப்புற தூக்குச்சட்டிக்கு அத்தை. அவ புள்ளைங்க வளர்ற புள்ளைங்க. எனக்கு இன்னாத்துக்கு மீனு? நான்தான் ஏற்கெனவே குண்டா கீறேனே!"