அரை கிலோ அண்டர்கட்

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளங்கையை மேலே நீட்டிப் பார்த்தார். சுட்டது. இது போதாது. "கல்லு பொகையணும் சார், அப்பதான் கறியப் போடணும்" என்று காலையில் கறிக்கடை பாய் சொல்லியிருந்தார்.

அறுபத்தெட்டு வயதில் லாசர் முதல் முறையாக அடுப்பின் முன் நின்றார்.

ஹாலில் அவர் மனைவி சலேத்மேரி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். வீங்கிய கால்களை முக்காலிமேல் தூக்கி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. இதயம் தளர்ந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். உப்பு கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். மறுபடி மூச்சு முட்டும்.

அதனால் உப்பு இல்லை.

உப்பு இல்லாததால் சாப்பாடும் இல்லை.

பக்கத்து வீட்டில் தனியாக ஆக்கிக் கொடுத்த சோற்றில் இரண்டு வாய். கஞ்சியில் மூன்று கரண்டி. பிறகு "போதும்" என்பாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

நேற்று டிவியில் யாரோ ஒருவன் கறித்துண்டைக் கத்தியால் அறுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ சாப்ட்ருக்கேன்" என்றாள். "ஸ்டேக்கு. டெலிபோன் ஆபீஸ்ல மொத சம்பளம் வாங்கினப்ப. பொண்ணுங்க நாலு பேரு போனோம்."

அவரிடம் சொல்லவில்லை. டிவியைப் பார்த்துச் சொன்னாள்.

நாற்பத்தொரு வருடத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை.

கல் புகைந்தது.

அண்டர்கட் என்று பாய் கொடுத்தது, மாட்டின் முதுகை ஒட்டிய மெத்தென்ற கறி. கட்டைவிரல் தடிமனில் நான்கு துண்டுகள். ஈரம் போகத் துணியால் ஒற்றி, மிளகும் பூண்டும் தட்டித் தடவி வைத்திருந்தார். முதல் துண்டைப் போட்டார். எழுந்த சத்தத்தில் ஓரடி பின்னால் போய்விட்டார். அது அடிப்பிடித்துக் கருகியது.

இரண்டாவதை அவசரப்படாமல் திருப்பினார். செம்பழுப்பாக வந்தது. தட்டில் எடுத்து வைத்துக் கொஞ்சம் ஆறவிட்டார். ஓரத்தில் சின்னதாக நறுக்கி வாயில் போட்டார்.

சப்பென்றிருந்தது.

உப்பு ஜாடி கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது.

ஒரு சிட்டிகை. அவள் சாப்பிட்டுவிடுவாள். யாருக்குத் தெரியப்போகிறது.

மூடியைத் திறந்துவிட்டார்.

இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார். "உப்பு." அவ்வளவுதான். பிறகு தட்டை ஒரு விரலால் தள்ளி வைப்பார். ஒரு ஈஸ்டர் அன்று அவளுடைய அண்ணன் எதிரிலேயே தள்ளினார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சிரித்தபடி பரிமாறினாள். அன்று மத்தியானம் அவர் நன்றாகத் தூங்கினார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆட்டோவில் அவள் மூச்சுக்குத் தவித்தாள். பிடிமானத்துக்கு அவருடைய சட்டைப் பையைப் பற்றிக்கொண்டாள். பை கிழிந்து கையோடு வந்தது.

ஜாடியை மூடினார்.

ஒரு வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து அதே கல்லில், கறி விட்ட நெய்யிலேயே போட்டார். பொறுமையாக வதக்கினார். நிறம் மாறி இனிப்பு வாசனை வந்தது. வறுத்த தனியாவைக் கையால் நொறுக்கித் தூவினார். மிளகை இன்னும் கொஞ்சம். கடைசியில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, கறிமேல் பரப்பினார்.

மறுபடி ஒரு துண்டு வாயில்.

முதலில் புளிப்பு. பிறகு காரம். அதற்குப் பின்னால், மெதுவாக, கறியின் ருசி.

உப்பு இல்லைதான். ஆனால் சப்பென்று இல்லை.

சரிதானா என்று இன்னொரு துண்டும் சாப்பிட்டுப் பார்த்தார்.

மற்ற இரண்டு துண்டுகளையும் அதேபோலச் சுட்டு எடுத்தார். வேகவைத்த பீன்ஸை ஓரத்தில் வைத்தார். அவளுக்குச் சிரமமில்லாமல் கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கினார். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

தட்டை அவள் மடியில் வைத்தார். உட்காரத் தோன்றவில்லை. நின்றார்.

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு அவரை.

"நீங்களா செஞ்சீங்க?"

"ம்."

ஒரு துண்டை எடுத்தாள். மென்றாள். வெகுநேரம் மென்றாள்.

அவர் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இன்னும் கரண்டி இருந்தது.

"உப்பு இல்ல" என்றாள்.

"இல்ல. போடல. சலேத்து, நான் அப்பல்லாம்..."

"ஆறிடப் போவுது" என்றாள். "சாப்பிட வுடுங்க."

இன்னொரு துண்டை எடுத்தாள். வெங்காயத்தைச் சேர்த்து இன்னொன்று.

அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"நடுவுல இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்."

இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் குறை. ஏனென்று தெரியவில்லை, அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நாளைக்கு நல்லா வேக வெச்சிடறேன்."

"நாளைக்கும் கறியேவா?" விரலில் ஒட்டியிருந்த மிளகை நக்கினாள். "மீன் வாங்கிட்டு வாங்க."

மீனை எப்படிக் கழுவுவது, எங்கே அறுப்பது, எதுவும் அவருக்குத் தெரியாது.

"என்ன மீன்?" என்று கேட்டார்.