பெட்டியும் பூட்டும்

"சீக்கிரம் சொல்லுடா பூட்டு. அஞ்சு மணிக்கு பஸ். பாஸ்வேர்டு இல்லாம நான் போய் எப்படி ஆர்டர் எடுக்கிறது?"

தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் பெட்டி. மடியில் லேப்டாப் திறந்திருந்தது. பஸ் நிலையத்தில் இறக்கிவிட மகள் கீழே காரில் காத்திருந்தாள். எதிரே, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த பூட்டு, தலையணையில் சாய்ந்து மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டும் கம்பெனியில் வைத்த பெயர்கள். எலெக்ட்ரானிக் தராசு விற்க ஊர் ஊராகப் போன இருவரில் ஒருவர் பெட்டி இல்லாமல் தெருவைத் தாண்ட மாட்டார். மற்றவர் வாயிலிருந்து ஒரு ரகசியத்தைக் கிளப்ப முடியாது. ஒருவர் மட்டும் தனியாகப் போய் நின்றால், இன்னொன்று எங்கே என்று கேட்காத கடைக்காரர் கிடையாது.

பாஸ்வேர்டு ஏற்பாடு ஒரு திருட்டுக்குப் பிறகு வந்தது. பஸ் நிலையத்தில் பெட்டியின் கைப்பை பறிபோனது. உள்ளே குறிப்பேடு, அதில் எல்லாப் பாஸ்வேர்டுகளும், போதாக்குறைக்கு எது எதற்கு என்று கொட்டை எழுத்தில். எவனோ கம்பெனிக் கணக்கில் நுழைந்து மூன்று மாத ஆர்டரையும் அழித்துவிட்டான். மேலாளர் இருவரையும் நிற்கவைத்து வறுத்தெடுத்தார்.

அன்று லாட்ஜ் அறையில் பூட்டுதான் வழி சொன்னார். எழுதி வைத்தால்தானே திருடன் படிப்பான்? இனி உன்னுடையது என் மண்டையில், என்னுடையது உன் மண்டையில். கணக்கு வைத்திருப்பவனுக்கே தெரியாததை அவனிடமிருந்து எவனும் கறக்க முடியாது. ஊருக்குக் கிளம்பும் முன் கேட்க வேண்டும், அடிக்க வேண்டும், அடித்த கையோடு மறந்துவிட வேண்டும்.

அந்தக் கடைசி விதியைப் பெட்டி இன்றுவரை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தார். அவருக்கு இப்போது கவலை வேறு. கொஞ்ச நாளாகவே பூட்டின் ஞாபகம் தடுமாறுவது போலப் பட்டது. கேட்ட மாத்திரத்தில் சொல்கிற ஆள், இப்போது இழுக்கிறார், விழிக்கிறார். இன்றைக்கும் வராவிட்டால் ஏற்பாட்டை முடித்துக்கொண்டு வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். நாற்பது வருஷ நண்பனிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"ஏதோ மிருகம்டா," என்றார் பூட்டு. "நாயா, குதிரையா... ஒரு கடையில நடந்ததே. சட்டுனு வரமாட்டேங்குது. நீதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."

"குதிரை எங்கேடா கடைக்குள்ள வந்துது? பூனைடா, பூனை."

பெட்டி பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பூட்டின் மனைவி கொண்டுவந்த டீயை வாங்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். பஸ் கொஞ்சம் நிற்கட்டும் என்று கதையைச் சொல்லத் தொடங்கினார்.

அடை மழை பெய்த ஒரு மத்தியானம். அந்த மளிகைக் கடைக்காரர் எந்தத் தராசையும் நம்பாதவர். எடைக்கல் வைத்துக் காட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருவரும் மூட்டை கட்டத் தொடங்கியபோது கடைப்பூனை மேசையேறி, தராசுத் தட்டில் சுருண்டு படுத்துவிட்டது. நாலாயிரத்து இருநூறு கிராம் என்று காட்டியது தராசு. விரட்டியும் இறங்கவில்லை. கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, நூறு கிராம் பாலை அளந்து கிண்ணத்தோடு பூனையின் வாயருகே பிடித்தார். அது ஆற அமரக் குடித்து முடித்தது. தராசில் நாலாயிரத்து முந்நூறு.

"உடனே அந்த மனுஷன் பத்துத் தராசு எழுதிக்கோன்னாரு," என்று சிரித்தார் பெட்டி. "நீ கடைக்காரரை விட்டுட்டுப் பூனைக்குக் கும்பிடு போட்டே."

பூட்டுக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துடுச்சுடா. பூனை, நாலு மூணு சைபர் சைபர்," என்றார்.

பெட்டி அடித்தார். திரை திறந்தது. போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது அவருக்கு. வேறு ஆளும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இவன் மண்டை இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, வீணாகப் பயந்துவிட்டேன் தங்கச்சி என்று பூட்டின் மனைவியிடம் சொல்லி மகிழ்ந்தார். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னோட பாஸ்வேர்டு உன்கிட்ட பத்திரமா இருக்காடா?" என்று கேட்டார் பூட்டு.

"படுத்துக் கிடக்கிறவனுக்குப் பாஸ்வேர்டு எதுக்கு? முதல்ல எழுந்து நட, அப்புறம் சொல்றேன்," என்று நண்பனின் தோளைத் தட்டிவிட்டுப் பெட்டி எழுந்தார். உடம்பைப் பார்த்துக்கொள், பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிப்படி இறங்கினார்.

காலடிச் சத்தம் தேய்ந்ததும் பூட்டு செல்போனை எடுத்து, கீழே காரில் இருந்த பெட்டியின் மகளை அழைத்தார்.

"அப்பா இறங்கி வர்றாரும்மா, வழக்கம்போல ரெண்டு தெரு சுத்திட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. கம்பெனியை மூடிப் பதினோரு வருஷம் ஆச்சுன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே; நான் மறந்த மாதிரி இழுத்தாத்தான் அவனுக்கு ஞாபகம் வருது, இன்னிக்கு ஒரு வரி விடாம சொன்னான்மா."