மனசாரக் கேட்ட மன்னிப்பு

தையல்காரருக்கும் அவர் மனைவிக்கும் கொஞ்ச நாளாகவே பேச்சுவார்த்தை இல்லை. அவளுடைய அண்ணன் வந்தபோது இவர் எழுந்து "வாங்க மச்சான்" என்றுகூடச் சொல்லவில்லையாம்.

அன்று சாயங்காலம் சமையலறையில் பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. உள்ளறையில் அவர் குரல் தழுதழுத்தது.

"தப்பெல்லாம் என்மேலதான். உன் மனசைப் புரிஞ்சுக்காம சண்டை போட்டுட்டேன். மன்னிச்சிடு."

பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏங்க, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னவாம்?" என்றபடி அவள் கதவைத் தள்ளினாள்.

தையல்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பேசிக்கொண்டிருந்தது, வருஷக்கணக்காக மல்லுக்கட்டிவந்த பழைய வீடியோ கேமோடு. அதன் கடைசி ராட்சசன் எந்த வாளுக்கும் மசியமாட்டான். மைக்கில் உருகி மன்னிப்புக் கேட்டால்தான் கோட்டையைத் திறப்பான். அந்த விளையாட்டே கதியென்று கிடக்கும் ரசிகர்களில் பலர் கண்டிராத கோட்டை, அவர் முதுகுக்குப் பின்னால் திரையில் திறந்துகொண்டிருந்தது. இப்போது அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான்.

அவள் பக்கத்தில் வந்துவிட்டாள். அவர் காலால் துழாவி சுவிட்சை அணைத்தார்.

"மனசு கேக்கலை, அதான்..." என்றவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"போதும்ங்க, அதுக்காக இப்படியா அழறது?" என்று அவள் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.